மானியப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி

அந்தக் கடிதம் வந்த அன்று பட்டறையில் ஒருவரும் டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் வெந்நீர்த் தொட்டி செய்து கொடுக்கும் பட்டறை அது. எஃகுத் தகட்டை உருட்டி, ஓரங்களை வெல்டிங் வைத்து, உள்ளிருந்து நீர் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும்படி செய்து அனுப்புவார்கள். வருஷத்துக்கு நாற்பது தொட்டி போகும். அதில் முப்பதை ஒரே கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிதான் எழுதியிருந்தது: இன்னும் எட்டு மாதம் கழித்து, முறையாகப் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறிய வெல்டர்கள் ஒட்டிய தொட்டிகளை மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

பட்டறையில் வெல்டர்கள் ஐந்து பேர். சான்றிதழ் என்று ஒரு காகிதம் ஐவரில் ஒருவரிடமும் கிடையாது.

“முப்பது வருஷமா ஒட்டறேன், இது பத்தாதா?” என்று நெருப்புத் தழும்புகள் நிறைந்த முன்கையை நீட்டினார் மேஸ்திரி. ஐவரில் மூத்தவர். முதலாளி அந்தக் கையையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து பேரையும் பயிற்சிக்கு அனுப்பினால் கட்டணம் ஒரு பக்கம், வேலை படுத்துக்கொள்வது மறுபக்கம். அனுப்பாவிட்டால் பட்டறையே படுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கிரைண்டர் அக்கா மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெல்டர்கள் ஒட்டிய இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்துவதுதான் பதினோரு வருஷமாக அவளுடைய வேலை. அவளைவிடப் பத்து வயது பெரியவரான முதலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முகத்தில் கண்ணாடி, வாயில் துணி, கையில் வீலென்று இரையும் கிரைண்டர். பேச்சு அவ்வளவாகக் கிடையாது. அந்த இரைச்சலில் பேசினாலும் யார் காதில் விழப்போகிறது?

வழி கண்டுபிடித்தவர் முதலாளியம்மா. அலுவலக அறையில் கணினி முன்னால் இரண்டு நாள் குந்தியிருந்து, சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பயிற்சி மானியம் ஒன்றைத் தோண்டி எடுத்தார். பயிற்சிக் கட்டணத்தில் முக்கால் பங்கு அரசாங்கம் கொடுக்கும். தொழிலாளி வகுப்பில் இருக்கும் நேரத்துக்குச் சம்பளத்தில் பாதியும் கொடுக்கும். கேட்டதும் முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா ஒரு சிக்கல். ஒரு நிறுவனத்துலேர்ந்து குறைஞ்சது ஆறு பேராவது போகணுமாம்,” என்றார் முதலாளியம்மா.

“நம்மகிட்ட அஞ்சு பேர்தானே இருக்காங்க?”

மேஸ்திரி சிரித்தார். “இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க? நம்ம கிரைண்டர் அக்கா பேரைப் போட்டு விடுங்க. ஓரமா உக்காந்துட்டு வரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

விண்ணப்பம் போன மூன்றாவது வாரம் மானிய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. முதலாளியம்மா கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா புதுக் கையுறை கேட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஒன்பதாவது கேள்வி, அம்மா,” என்றது ஒரு பெண் அதிகாரியின் குரல். “பயிற்சிக்கு அப்புறம் இந்தத் தொழிலாளி என்ன வேலை செய்வார்னு கேட்டிருக்கோம். அஞ்சு பேருக்கு அழுத்தத் தொட்டி வெல்டர்னு எழுதியிருக்கீங்க. ஆறாவது ஆளுக்கு அதே கிரைண்டிங் வேலைன்னு எழுதியிருக்கீங்க. அதே வேலைதான்னா அவங்களுக்கு எதுக்குங்க வெல்டிங் பயிற்சி? தலையை எண்ணிக் காட்டறதுக்கா?”

முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அது… வந்து…”

“தப்பா நினைக்காதீங்க. பயிற்சியால அவங்க வேலையிலயோ சம்பளத்துலயோ ஒரு மாற்றம் வரணும். அதுக்குத்தான் இந்தப் பணம். வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்புங்க. இல்லேன்னா அஞ்சு பேர்னுதான் எடுத்துப்போம். அஞ்சு பேருக்கு மானியம் கிடையாது.”

போன் வைக்கப்பட்டது. முதலாளியம்மா நிமிர்ந்தார். வாசலில் அக்கா.

“கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன்.” அக்கா உள்ளே வந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த அறையின் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தாள். “என் பேருக்கு நேரா வெல்டர்னு எழுதுங்க. நான் கத்துக்கறேன்.”

முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். “எழுதறதுல ஒண்ணும் இல்ல அக்கா. எழுதிட்டா அப்புறம்…”

“எழுதினா எழுதினதுதான். அப்புறம் மாத்தக் கூடாது.”

“தேர்வுல தேறலைன்னா?”

“மறுபடி கிரைண்டரைத் தூக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். தேறினா?”

முதலாளி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. தேறினா வெல்டர். வெல்டர் சம்பளம்.”

“எழுதுங்கம்மா,” என்றாள் அக்கா. எழுதி முடித்து மை காயும்வரை எழுந்திருக்கவில்லை.

பயிற்சி நிலையம் நகரத்தின் மறு கோடியில் இருந்தது. பதினாறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள். சுவரை ஒட்டிச் சின்னச் சின்னத் தடுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, தலைக்கு மேல் புகையை இழுக்கும் குழாய். பயிற்சியாளர் ஒல்லியான மனிதர். உரக்கப் பேச மாட்டார். ஒருவர் ஒட்டிய துண்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ம்” என்று கீழே வைத்துவிட்டுப் போவார். அந்த ‘ம்’மில் இருந்த அவமானம் ஒரு திட்டிலும் இருக்காது.

முதல் மாதம் அக்காவுக்கு நரகம். கிரைண்டரை அழுத்திப் பிடித்தே பழகிய கை. வெல்டிங்கிலோ உருகி ஒட்டும் கம்பியின் நுனியை உலோகத்தில் படாமல், விலகாமல், நூலளவு இடைவெளியில் நகர்த்த வேண்டும். அவள் அழுத்தினாள், கம்பி போய் ஒட்டிக்கொண்டது. பயந்து தூக்கினாள், நெருப்பு அணைந்தது. பக்கத்துத் தடுப்பிலிருந்து மேஸ்திரி, “என்ன அக்கா, கம்பியை நட்டு வைக்கறீங்களா? தண்ணி ஊத்தினா முளைக்குமா?” என்றார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். தேர்வில் இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்த்து, சுற்றிலும் ஒட்டிக் காட்ட வேண்டும். அதற்காக வீட்டில் சமையலறைக் கதவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கட்டினாள். காலையில் அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரமெல்லாம், பென்சிலைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயைச் சுற்றி, தொடாமல், மெல்ல மெல்ல நகர்த்திப் பழகினாள். பஸ் ஓட்டும் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்ப்பார். “இந்த வேகத்துல நான் பஸ் ஓட்டினா ஜனங்க இறங்கி நடந்து போயிடுவாங்க.” மகள் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பென்சில் குழாயில் பட்டால் “அவுட்!” என்று கத்துவாள். முதலில் ஒரு சுற்றில் இருபது அவுட். பிறகு பத்து. ஆறாவது வாரம் மகள் வாயைத் திறக்கவே வேலையில்லாமல் போயிற்று.

அந்த வாரம்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பதினோரு வருஷமாக அடுத்தவர்களின் வெல்டிங்கைத் தேய்த்துத் தேய்த்து அதன் வயிற்றுக்குள்ளே இருப்பதைப் பார்த்தவள் அவள். ஓட்டை எங்கே வரும்? ஒரு கம்பி தீர்ந்து அடுத்த கம்பியைத் தொடங்கும் இடத்தில் வரும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்! ஆகவே ஒவ்வொரு முறை நிறுத்தியதும், அந்த முனையைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் அடுத்த கம்பியைத் தொட்டாள். பயிற்சியாளர் அவள் துண்டை வாங்கித் திருப்பினார். வழக்கமான ‘ம்’ வரவில்லை.

“எல்லாரும் இங்க வாங்க,” என்றார். “நிறுத்தின இடம் எதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்.”

ஐந்து தலைகள் குனிந்தன. ஒருவராலும் காட்ட முடியவில்லை.

அன்று மேஸ்திரியின் துண்டைப் பயிற்சியாளர் தேறாதென்று தள்ளிவிட்டிருந்தார். மறு வகுப்புக்கு மேஸ்திரி வரவில்லை. அதற்கு அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. பட்டறையில் கேட்டால், “சின்னப் பசங்க மாதிரி என்னை நிக்க வைக்கறான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி கெஞ்சிப் பார்த்தார். வருகை குறைந்த ஆளை மானிய அலுவலகம் கணக்கில் எடுக்காது. இன்னும் ஒரு வகுப்பு தவறினால் அவர் பெயர் போய்விடும். பெயர் போனால் ஆறு ஐந்தாகிவிடும்.

அக்கா டீ நேரத்தில் அவர் எதிரே போய் நின்றாள்.

“மேஸ்திரி, அன்னிக்கு ஆறு பேர் ஆகணும்னு என் பேரைப் போட்டீங்க. இன்னிக்கு ஆறாவது ஆள் நீங்கதான். ஓரமா உக்காந்துட்டாவது வாங்க.”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. “என்ன, குத்திக் காட்டறீங்களா?”

“இல்ல. இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தொட்டியானாலும் குழாயானாலும், அந்த வட்டத்தைக் கடிகாரமா வெச்சுப் பார்த்தா, அடிப்பக்கம், ஆறு மணி இருக்கிற இடத்துல உங்க ஜாயிண்ட்ல எப்பவும் ஓட்டை இருக்கும். நான் தேய்க்கும்போது தெரியும். சத்தம் போடாம உங்ககிட்டயே திருப்பித் தருவேன். நீங்க பூசிக் கொடுப்பீங்க. பதினோரு வருஷமா இதுதான் நடக்குது. தேர்வுல நான் தேய்ச்சுத் தர முடியாது.”

மேஸ்திரி வெடிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆறு மணி இடத்துலயா?” என்றார். “ஏழு மணிப் பக்கம் இல்லையே?”

“ஆறுதான்.”

“அங்கதான் எனக்குக் கழுத்து வளையாது,” என்று முனகினார். மறுநாள் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, தரையில் மல்லாந்து படுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வு நாளில் வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். ஆளுக்கு ஒரு குழாய். காலையில் ஒட்டி முடித்தார்கள். மதியம் ஒவ்வொருவர் குழாயிலிருந்தும் ஜாயிண்ட் நடுவே வருமாறு நான்கு பட்டைகளை அறுத்து, ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் வைத்துக் குதிரை லாடம் போல வளைத்தார்கள். வெல்டிங்கில் பொய் இருந்தால் வளையும்போது வாயைப் பிளந்துவிடும்.

முதல் மூவரும் தேறினார்கள். நான்காவது ஆளின் மூன்றாம் பட்டை பட்டென்று பிளந்தது; பாவம், அவர் பேயறைந்தது போல நின்றார். மறு தேர்வு உண்டு என்று பயிற்சியாளர் தோளைத் தட்டினார். அடுத்து மேஸ்திரி. நான்கு பட்டைகளும் அப்படியே வளைந்தன. அவர் திரும்பி அக்காவைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினார்.

கடைசியில் அக்கா. முதல் பட்டை வழுவழுவென்று வளைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை வெளியே எடுத்த பரிசோதகர் புருவத்தைச் சுருக்கினார். ஓரத்தில் முடி போல ஒரு கோடு.

பரிசோதகர் சட்டைப் பையிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்தார், அளவுகோலை வைத்தார், வெளிச்சத்தில் சாய்த்தார். உலகத்தில் அவ்வளவு நிதானமான மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது.

“ஒண்ணரை மில்லிமீட்டர்,” என்றார். “மூணு வரைக்கும் அனுமதி உண்டு. தேறிட்டீங்க.”

கூடத்தில் முதலில் கத்தியது மேஸ்திரி. அக்கா அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் அந்தப் பட்டையை அவள் கையில் வைத்தார். இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

அடுத்த வாரமே மறு தேர்வில் நான்காமவரும் தேறினார். ஆறு சான்றிதழ்களையும் முதலாளியம்மா சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். மானியத்தின் முதல் தவணை வந்தது. கிரைண்டிங் வேலைக்குப் புதிதாக ஒருவரைச் சேர்த்தார்கள். வாங்கும் கம்பெனி, சான்றிதழ் பெற்ற வெல்டர்களைக் கொண்டு செய்த முதல் தொட்டியைத் தன் ஆள் முன்னால் சோதித்துக் காட்டச் சொன்னது.

அந்தத் தொட்டியில் மிக நீளமான ஜாயிண்டை முதலாளி அக்காவிடம் கொடுத்தார். மேஸ்திரிதான் சொன்னாராம்.

சோதனை அன்று தொட்டி நிறையத் தண்ணீர் ஏற்றி, பம்பால் அழுத்தத்தைக் கூட்டினார்கள். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டில் நின்றது. இனி அரை மணி நேரம் அது அசையக் கூடாது. கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதலாளி நகத்தைக் கடித்தார். மேஸ்திரி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, காய்ந்த துணியால் ஜாயிண்டைத் தடவித் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். அக்கா மட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அரை மணி ஆயிற்று. கம்பெனி ஆள் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். “இந்த நீள ஜாயிண்ட் யாரோடது? இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்ல.”

ஐந்து ஆண்களும் ஒரே நேரத்தில் கை நீட்டிக் காட்டினார்கள். அக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “என்னோடது,” என்றாள்.

பிறகு வெளியே வந்து, லாரி நிற்கும் இடத்தில் நிழலாகப் பார்த்து நின்று கணவருக்குப் போன் போட்டாள். அவர் பஸ் நிலையத்தில் அடுத்த டிரிப்புக்குக் காத்திருந்தார்.

“என்னங்க, நின்னுடுச்சுங்க!”

“ஐயையோ, என்ன நின்னுடுச்சு? வேலையா?”

“முள்ளுங்க! முள்ளு! அரை மணி நேரம் அசையாம நின்னுச்சு!”

அந்தப் பக்கம் அவர் கண்டக்டரிடமோ பயணிகளிடமோ என்னவோ கத்துவதும், யாரென்றே தெரியாத பத்திருபது பேர் கைதட்டுவதும் போனில் கேட்டன.