கடைசிப் பால்குடம்

தீவின் கடற்கரை ஊரான மாயெபூரில், ஸ்வெட்டர் தொழிற்சாலையில் குண்டுப் பெண்கள் நாலைந்து பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்தார்கள். “உங்களால மாடிப்படிகூட ஏற முடியாது” என்று மேற்பார்வையாளன் மொரிஸ் ஒருநாள் சிரித்துத் தொலைத்தான். அவர்களில் வேதநாயகிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தைப்பூசத்துக்கு எல்லோரும் பால்குடம் எடுத்து, கோயில்வரை வெறுங்காலில் நடந்து காட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

“நாம மலாத் இல்லை, சீக்காளி இல்லை. நோய்நொடி இல்லாத உடம்பு. ஊரே பாக்கட்டும்!”

அதே வரிசையில் தைத்த கமலாட்சியும் ஆசை ஆசையாக விரதம் இருந்தாள். ஆனால் அவளுக்குச் சர்க்கரை. இடதுகால் வீங்கி, கோல் ஊன்றித்தான் நடப்பாள். பூசத்துக்கு முந்தின நாள் வேதநாயகி அவளைத் தனியாக அழைத்தாள்.

“நீ வராதே கமலா. நீ நொண்டினா, மொரிஸ் சொன்னது சரின்னு ஆயிடும்.”

“அயோ, நானும் குண்டுதானே வேதா?”

“குண்டு வேற. நோயாளி வேற.”

மொரிஸ் சொன்னபோதுகூட கமலாட்சிக்கு இப்படி வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் பிடிவாதமாக, ஊர்வலம் புறப்படும் ஆற்றங்கரைக்குப் போனாள். மற்றவர்களை விட்டுத் தள்ளி, மார்பளவு நீரில் இறங்கிக் கண்ணை மூடினாள். உடம்பின் பாரமெல்லாம் எங்கோ போயிற்று. கால் இருப்பதே மறந்தது. மேளச் சத்தம் ஆற்றுக்கு அடியிலிருந்து வருவதாகத் தோன்றியது. ஊருக்கு அந்தப்பக்கம் நிற்கும் சிங்க மலைகூட மிதந்து கடல்பக்கம் போய்விடும் போலிருந்தது. கண் திறந்தபோது ஊர்வலம் போயே போய்விட்டது.

அவள் குடத்தைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கோலை ஊன்றி, தனியாக நடந்தாள். தார் கொதித்தது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் அவள் காலடியில் தண்ணீர் ஊற்றினார்கள். ரோஜா நிறச் சேலை நனைய நனைய, கனவில் நடப்பவள் போலப் போய்க்கொண்டே இருந்தாள்.

அந்தக் கோயிலில் கடைசிக் குடம் வராமல் அபிஷேகம் தொடங்காது. எல்லோரும் குடத்தோடு வெயிலில் காத்திருந்தார்கள். வேதநாயகி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொரிஸோ, பாவி, அன்றைக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான்!

கமலாட்சி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஞானசம்பந்த குருக்கள் பரிவோடு கேட்டார்: “கால் குணமாகணும்னு வேண்டிண்டேளாம்மா?”

“இல்லை சாமி. கால் இப்படியே இருந்துட்டுப் போகட்டும். இவங்க என்னைச் சேத்துக்கணும்னுதான் கேட்டேன்.”

வேதநாயகி சட்டென்று திரும்பியதில் பால் தளும்பி முகத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் விலகி வழி விட்டாள்.

“முன்னால போ கமலா.”

“முன்னால வேணாம்” என்றாள் கமலாட்சி. “பக்கத்துல நிக்கறேன்.”