மங்கைக்குள் பேசியவள்

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அலர்மேல்மங்கையைக் கயிற்றுக் கட்டிலோடு சித்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். பத்தொன்பது வயசுப் பெண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். கூடவே வந்தாள் அம்மா பொன்னியம்மாள். ஊர் சத்தியவேட்டுப் பக்கம். திருப்பதிக்கு வேண்டுதலோடு போனவர்கள், மலையிறங்கி சித்தூரில் இருந்த பொன்னியம்மாளின் தம்பி முனிசாமி வீட்டுக்கு வந்த இடத்தில் வலி ஆரம்பித்துவிட்டதாம்.

டாக்டர் கோவர்த்தனன் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். அத்தனை வலியில் வயிறு கல்லாக இறுகியிருக்க வேண்டும். இதுவோ பஞ்சு போல அமுங்கியது.

"திறந்து பாத்துடலாம்" என்றார் பெரிய டாக்டர் நாகபூஷணம். அவர் சர்ஜன். கோவர்த்தனனின் கை நல்ல கை என்று எல்லோரிடமும் சொல்வார். எல்லை மாற்றத்தில் திருத்தணி ஏப்ரலில் சென்னை ராஜ்யத்தோடு சேரப் போகிறது. திருத்தணிக்காரனான இவன் சென்னைக்கே போய் சர்ஜரி படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவனுக்கும் அதில் மறுப்பு இருந்ததில்லை.

"ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாம் சார்" என்றான்.

அன்று சாயங்காலம் மங்கைக்கு வலிப்பு வந்தது. தூக்க ஊசி போட்டார்கள். தெளிந்தபோது அவள் வேறு குரலில் பேசினாள். கனத்த, வயசு கூடின குரல்.

"தண்ணி கேட்டேனேம்மா. ஏன் குடுக்கல?"

பொன்னியம்மாள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது எம் பெரியவ ருக்மணி கொரலு" என்றாள்.

ருக்மணி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கும் இதே வயிற்று வலிதான். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தைத்துவிட்டார்கள். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்; தாய் கொடுக்கவில்லை. பிறகு கை விழுந்தது, கால் விழுந்தது, மூச்சும் நின்றது.

"தண்ணி கேட்டத நான் யார்கிட்டயும் சொல்லல நைனா. மங்கை அப்போ ஊர்ல இருந்தா. அவளுக்கு எப்படித் தெரியும்?"



அடுத்த நாளும் வலிப்பு. மறுபடி ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் மங்கை கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய், ருக்மணி அதிகமாகப் பேசினாள். பொன்னியம்மாள் அவள் காதருகே குனிந்து அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். உள்ளே இருந்தவளுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தண்ணீரைத்தான் கேட்டாள். குடத்தோடு கொண்டுவந்து வைத்தாலும் வாயைத் திறக்கவில்லை.

பரிசோதனைக்கு எடுத்த சிறுநீர்ச் சீசாவைக் கோவர்த்தனன் காலையில் ஜன்னலில் வைத்துவிட்டு மறந்தே போனான். மத்தியானம் போய்ப் பார்த்தபோது வெயில் பட்டு அது கறுஞ்சிவப்பாகியிருந்தது. ரத்தமில்லை. வைக்கும்போது வெறும் வைக்கோல் நிறம்தான்.

சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டே வார்டுக்கு ஓடினான். "பெரியவளுக்கும் இந்த மாதிரி போச்சாம்மா?"

"சாயத் தண்ணி கணக்கா போச்சு. யாரு கேட்டாங்க அதெல்லாம்?"

"திருப்பதிக்குப் போறதுக்கு முன்னாடி பொண்ணு சரியா சாப்பிட்டாளா?"

"பெரியவ செத்த நாளுக்காக விரதம். ரெண்டு பேருமே ஒண்ணியும் துன்னாமதான் மலையேறினோம்."

கல்லூரியில் ஒரே ஒரு முறை கேட்ட பாடம் அவனுக்கு ஞாபகம் வந்தது. போர்பிரியா. ரத்தத்தோடு பரம்பரையாக வருவது. வயிற்றைப் பிசையும், வெயிலில் சிறுநீரைச் சிவக்க வைக்கும், புத்தியைக் கலக்கும், கடைசியில் கைகால்களை முடக்கும். பட்டினி அதைக் கிளப்பிவிடும், சர்க்கரை அடக்கும். தூக்க ஊசி அதை இன்னும் மூர்க்கமாக்கும். அந்த ஊசியை இரண்டு தடவை அவனே போட்டிருந்தான்.

நாகபூஷணத்திடம் சொன்னான். அவர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நான் வெட்டியிருப்பேனே" என்றார். 

ஊசியை நிறுத்தி, சர்க்கரைத் தண்ணீர் ஏற்றப் பாட்டிலோடு போனபோது பொன்னியம்மாள் குறுக்கே நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு நாளு உடு நைனா. நான் சொன்னது அவ காதுல உழவே இல்ல. இன்னும் பேசி முடிக்கல."

"மங்கையோட கையைத் தூக்கிப் பாருங்கம்மா."

தூக்கினாள். விட்டதும் கை தொப்பென்று படுக்கையில் விழுந்தது. பெரியவளின் கை விழுந்ததைப் பார்த்தவள் அவள்.  பிறகு அவளே அந்தக் கையைத் திருப்பி ஊசி ஏற்ற வாகாகப் பிடித்துக்கொடுத்தாள்.

மருந்து இறங்கத் தொடங்கியபோது மங்கை கண்ணைத் திறந்து நேராகக் கோவர்த்தனனைப் பார்த்தாள். அதே கனத்த குரல்.

"என்னை அனுப்பிட்றியா?"

 அவன் பாட்டிலை நிறுத்தவில்லை.

மங்கை பிழைத்தாள். குரல் மெலிந்து, பழைய குரலாகிப் பசிக்கிறது என்றாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, "இனிமே இவ ஒரு வேளைகூடப் பட்டினி இருக்கக் கூடாது. இருந்தா மறுபடியும் வரும்" என்று கண்டிப்பாகச் சொன்னான்.

பொன்னியம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "பட்டினி கெடந்தா வருவாளா?"

வரும் என்று அவன் நோயைச் சொன்னதை, செத்த பெண் வருவாள் என்று அவள் எடுத்துக்கொண்டது பஸ் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு அவனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. பத்து நாள்கூடத் தாங்காமல் பஸ்ஸேறி அவர்கள் ஊருக்குப் போனான். அந்தப் பக்கம் ஏப்ரலில் ஆந்திராவோடு சேரப் போவதைப் பற்றி வழியெல்லாம் ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.

வாசலில் மங்கை களி கிண்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

"நான் நல்லா துன்னுக்கினு இருக்கேன் சார். அம்மாவத்தான் பாருங்க."

உள்ளே பொன்னியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் குழி விழுந்து, உதடு வெடித்திருந்தது. அவனைக் கண்டதும் தப்பு செய்து பிடிபட்டவள் போலச் சிரித்தாள்.

"சின்னவள வாட்டக் கூடாதுன்னுதான் நைனா. பெத்தவ நானு. எனக்குள்ள வரமாட்டாளா?"

அந்த நோய் இவள் ரத்தத்திலிருந்தே பெண்களுக்குப் போயிருக்கலாம். வந்தாலும் வரலாம். சொன்னால் அவள் பட்டினியை விடவே மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. மங்கை கொண்டுவந்த களியை வாங்கி, தாயின் முன்னால் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவள் ருக்மணியைப் பற்றிச் சொன்னாள். பிறந்தது, முதல் தாவணி, மலையில் தொலைந்துபோய்க் கிடைத்தது, எல்லாம். சொல்லிக்கொண்டே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று.

சென்னையில் அவன் சர்ஜரியை விட்டு ஜெனரல் மெடிசின் எடுத்தான். ஏன் என்று நாகபூஷணம் கேட்டபோது, "கத்தி வைக்க இடமில்லாத வியாதியும் இருக்கே சார்" என்று மட்டும் சொன்னான்.

வருஷா வருஷம் மங்கை அவனிடம் காட்டிக்கொள்ள வருவாள். கல்யாணமாகி, குழந்தையோடும் வந்தாள். கூட வரும் பொன்னியம்மாளிடம் அவன் கேட்பான், "எப்படி இருக்கீங்கம்மா? வயித்து வலி ஏதாவது?"

"ஒண்ணியும் வரல நைனா" என்பாள் அவள், ஏமாந்தவள் போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.