மாடிப்படியில் கருவாட்டு வாடை

மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருவதற்குள் ஜன்னல்களைச் சாத்திவிடுவது சுமலதாவின் வழக்கம். அன்று சாயங்காலமும் கூடத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, வாசல் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனவள் மாடிப்படி அருகே சட்டென்று நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். ஒரு படி ஏறி மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க."

மனோகரன் செய்தித்தாளை மடித்துக்கொண்டே வந்தார். அவலாஞ்சியில் மின்வாரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கூப்பிட்டால் வருவார், மனைவி சொன்னால் தலையாட்டுவார்.

"என்ன வாடை வருதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"குளிர்ல மூக்கே அடைச்சுக் கெடக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல லதா."

"கருவாடுங்க. அச்சு அசல் கருவாட்டு வாடை."

சொல்லிவிட்டு அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

குன்னூரில் அவர்கள் வீட்டு மாடியில் ஜீவிதாவும் அருள்ராஜும் குடியிருந்தார்கள். ஜீவிதாவுக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. அருள்ராஜுக்கு டீ ஃபேக்டரியில் ஷிஃப்ட். இரண்டு பேருமே தேயிலைத் தொழிலாளர்களுக்கான எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தவர்கள். இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். வீடு கேட்டு வந்தபோதே சுமலதா தயங்கினாள். "எங்க ஊட்ல சுத்த சைவம். முட்டைகூட உள்ள வரக் கூடாது," என்று கறாராகச் சொன்னாள். "சரிங்கக்கா. எங்களுக்கு ஆசையா இருந்தா அத்தை ஊட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிறோம்," என்றாள் ஜீவிதா. கடைக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காக எதற்கும் சரி சொல்லத் தயாராக இருந்தாள் அவள்.

அந்த 'சரி'யைத்தான் சுமலதாவால் நம்ப முடியவில்லை. நாக்கில் ஊறிய ருசியை யாராவது ஒரு வீட்டுக்காக விடுவார்களா?

அன்றிலிருந்து அவள் வாடையை வேவு பார்க்க ஆரம்பித்தாள். ஜீவிதா வேலை முடிந்து வரும் நேரத்துக்குத்தான் அது வந்தது. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் சுமலதா வளர்க்கும் பொமரேனியன் நாய் பிங்கி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடும், ஜீவிதா மேல் தாவும், குதிக்கும். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு முழுக்கக் கவிச்சி. போதாததற்கு ஜீவிதா படியேறும்போது சால்வையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். 'திருட்டுத்தனம் செய்யறவங்களுக்கு முகத்தை மறைக்கணும்னு தோணுமல்ல?' என்று நினைத்தாள் சுமலதா.

ஒருநாள் கீரை கொடுக்கும் சாக்கில் மாடிக்குப் போய் அடுப்பையும் பாத்திரங்களையும் கண்ணால் துழாவினாள். பருப்பும் முட்டைக்கோஸ் பொரியலும்தான் இருந்தன. இன்னொரு நாள் அவர்கள் வெளியே வைத்த குப்பைக் கூடையைக் குச்சியால் கிளறினாள். ஒரு முள்கூட அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் குறையவில்லை, கூடியது. தடயமே இல்லாமல் செய்கிறார்கள் என்றால் எவ்வளவு பழக்கம் இருக்க வேண்டும்!

கடைசியில் சாட்சி தானாக வந்து மடியில் உட்கார்ந்தது. பிங்கியைத் தூக்கிக் கொஞ்சும்போது அது அவள் கன்னத்தை நக்கியது. நாயின் வாயில் அதே வாடை. தயிர்சாதமும் டீயில் நனைத்த வர்க்கி பிஸ்கட்டும் தவிர வேறெதையும் அறியாத பிங்கியின் வாயில் கருவாடு!

அன்று ஜீவிதா வந்ததும் சுமலதா படியை மறித்து நின்றாள்.

"எங்க நாய்க்கு என்ன போட்டே?"

"நானா? ஒண்ணும் போடலீங்களேக்கா."

"பொய் சொல்லாத. அதோட வாயில கருவாடு நாறுது. நீங்க ஆக்கித் தின்னது பத்தாதுன்னு வாயில்லா சீவனையும் கெடுத்து வச்சிருக்கீங்க."

ஜீவிதாவின் முகம் வெளிறியது. "சத்தியமா இல்லீங்கக்கா. எனக்கே அந்த நாத்தத்துல கொமட்டிக்கிட்டு வருது. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு, வாடையே ஆகல. உங்க சாக்கடையில இருந்து வருதுன்னு நெனச்சேன். எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "பிங்கிக்குத்தான் என்னமோ நோவுதுக்கா. எந்நேரமும் பின்னாடி நக்கிக்கிட்டே இருக்கு. எங்க வாசல் மிதியடியில உக்காந்து தேச்சுக்கிட்டே போகுது. டாக்டர்கிட்ட காட்டினீங்கன்னா..."

"நீ பண்ணினதுக்கு என் நாய் மேல பழி போடறியா? நீ போட்ட முள்ளுதான் அதுக்கு ஒத்துக்கல. லைன்ல வளந்தவங்களுக்கு ஊடு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். வேற ஊடு பாத்துக்குங்க."

மனோகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அருள்ராஜ் வந்து பேசிப் பார்த்தான். பலிக்கவில்லை. குன்னூரிலேயே வேறு வீடு தேடினார்கள். ஆனால் சுமலதா விஷயத்தைப் பக்கத்து வீட்டு ராஜகுமாரியிடம் சொல்லியிருந்தாள்; ராஜகுமாரியிடம் சொன்னால் அந்தச் சரிவு முழுக்கச் சொன்ன மாதிரி. போன இடமெல்லாம் "இப்பத்தானுங்க வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்றார்கள். கடைசியில் கொலக்கம்பை பக்கம் எஸ்டேட் லைனில் இருந்த அருள்ராஜின் அம்மா வீட்டுக்கே சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சுமலதா மாடியைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள். வாடை ஒழிந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தாள்.

வாடை ஒழியவில்லை. முன்னைவிட மோசமாக, இப்போது கூடத்திலேயே வந்தது. சோபாவில் வந்தது, கம்பளியில் வந்தது.

"போறப்ப எதையோ ஒளிச்சு வச்சுட்டுப் போயிருக்காங்க," என்றாள். மனோகரன் பரணில் ஏறிப் பழைய பெட்டிகளை இறக்கினார். குளியலறைக் குழாயைக் கழற்றினார். தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். ராஜகுமாரி வந்து குரலைத் தாழ்த்தி, "செய்வினை ஏதும் வச்சிருப்பாங்களோ? இலங்கைப் பக்கத்து ஆளுங்களுக்கு அதெல்லாம் தெரியும்னு சொல்லுவாங்க," என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனாள். சுமலதா வாசல் நிலைக்கு எலுமிச்சம்பழம் கட்டினாள். நிலைப்படிக்கு அடியில் தோண்டிக்கூடப் பார்த்தாள்.

இவ்வளவும் நடக்கும்போது பிங்கி சோபாவுக்கு அடியிலேயே கிடந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. ஒருநாள் காலையில் அதைத் தூக்கினாள். வீலென்று கத்தி, எஜமானியின் கையையே கடிக்க வந்தது. அவள் புடவையில் ரத்தமும் சீழும். வாலுக்கு அடியில் ஒரு பக்கம் வீங்கி உடைந்திருந்தது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் நாயின் வாயைக் கட்டச் சொல்லிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டு வாலைத் தூக்கிப் பார்த்தார். உடையாமல் இருந்த மறுபக்கத்தை மெதுவாக அழுத்தினார். பழுப்பாக ஏதோ பஞ்சில் வழிந்தது. அந்த அறை முழுக்க அந்த வாடை பரவியது.

சுமலதாவுக்குப் புரிந்துவிட்டது. மாடிப்படியில் வந்தது இதுதான். சால்வையால் மூக்கைப் பொத்த வைத்தது இதுதான்.

"நாய்க்கும் சரி, பூனைக்கும் சரி, ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் சின்னப் பை மாதிரி சுரப்பி இருக்குதுங்க," என்றார் டாக்டர். "வெளிக்குக் கெட்டியா போனா அதுவே அமுங்கிக் காலியாயிரும். இது குண்டா இருக்குது, இளகலாவும் போகுது போல. என்ன குடுக்கறீங்க?"

"தயிர்சாதம். அப்புறம்... வர்க்கி."

"அதான் அடைச்சுச் சீழ் பிடிச்சிருக்குது. சந்தோஷத்துல குதிச்சாலோ பயந்தாலோ கொஞ்சம் பீச்சிரும். கருவாடு மாதிரியே நாறும். அங்கயே நக்கறதால வாயும் நாறும். தரையில பின்பக்கத்தை இழுத்துக்கிட்டுப் போயிருக்குமே, யாரும் பாக்கலீங்களா?"

"ஒருத்தர் பாத்துச் சொன்னாங்க," என்றார் மனோகரன்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா அமுக்கி விட்டு ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். பாவம், இத்தனை நாள் வலியைத் தாங்கிக்கிட்டு இருந்திருக்குது."

டாக்டர் புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டில் தாமாக அமுக்கிப் பார்க்கக் கூடாது, திரும்ப அடைத்தால் உடனே தூக்கி வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் திரும்பும்போது மனோகரன் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "லதா, நான் மேட்டுப்பாளையம் போறப்பெல்லாம் மீன் சாப்பாடு சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன். வருசக்கணக்கா. என் மேல ஒரு நாளும் உனக்கு அந்த வாடை வரல."

சுமலதா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபம் வரவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொலக்கம்பைக்குப் பஸ் ஏறினார்கள். லைன் வீட்டு வாசலில் ஜீவிதா உட்கார்ந்திருந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது. வாந்தியோடு மலைப்பாதையில் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வர முடியாமல் மருந்துக்கடை வேலையை விட்டிருந்தாள். வந்தவர்களை உட்காரச் சொல்லி, பால் இல்லாத பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். சுமலதா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நீங்க எதுவும் ஆக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு அம்மிணி. என்னை மன்னிச்சுரு. ஊடு அப்படியேதான் இருக்குது, திரும்பி வந்துருங்க."

ஜீவிதா தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிங்கி இப்ப எப்படியிருக்குக்கா?"

"தேறிருச்சு. சாப்பிடுது."

"நல்லது." டம்ளரைக் கீழே வைத்தாள். "நாங்க கருவாடு ஆக்கலைன்னு தெரிஞ்சதால வந்திருக்கீங்க. ஒருநாள் ஆசைக்கு ஆக்கியிருந்தோம்னு வச்சுக்குங்க, அப்ப வந்திருப்பீங்களாக்கா? அன்னிக்கி நீங்க கருவாட்டைப் பத்தி மட்டும் பேசல. லைன்ல வளந்தவங்கன்னு சொன்னீங்க. அதுக்கு எந்த டாக்டர்கிட்ட மருந்து இருக்கு?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பி வருவதாக ஜீவிதா சொல்லவில்லை.

மறுநாள் காலை ராஜகுமாரி மதில் ஓரமாக வந்து நின்றாள். "ஏனுங்க, அந்த லைன்காரங்களைத் தேடிப் போனீங்களாமே? வாடை போச்சா?"

"போச்சுங்க. நாய்க்குத்தான் சீக்கு. அந்தப் புள்ள அன்னிக்கே சொல்லுச்சு, நான் கேக்கல." சுமலதா தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படியே பேசினாள். "நாத்தம் வந்ததும் அது எங்கிருந்து வருதுன்னு நான் தேடல. எந்த ஊர் ஆளு, என்ன சாப்பிடற ஆளுன்னு பாத்து, ஆளு மேலயே பழியைப் போட்டுட்டேன். அதனால வாயில்லா சீவன் வலியில துடிச்சுது, ஒரு புள்ளத்தாச்சி வேலையையும் ஊட்டையும் உட்டுட்டுப் போனா. அடுத்தவங்க சோத்துச் சட்டியை மோந்து பாக்கற புத்தி ஆகாதுங்க. நான் சொன்னதை ஊரெல்லாம் சொன்னீங்களே, இதையும் சொல்லுங்க. ஒருத்தரையும் உடாம சொல்லுங்க."