ஏழாவது ஸ்லைடு

வெண்கலக் குரலால் 'மைக்' என்று பேர் வாங்கிய மைக் அக்காவுக்கு, இந்தத் தேர்வில் இது மூன்றாவது வாய்ப்பு. சுகாதாரக் கல்வியாளர்கள் இனி கம்ப்யூட்டரில்தான் பாடம் எடுக்க வேண்டுமாம்; இந்த முறையும் தேறாவிட்டால் மருந்துக் குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கப் போகலாம். முதல் இரண்டு முறையும் பழக்கதோஷத்தில் எழுந்து போய், பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டார். பாடம் எடுப்பவர் நாற்காலியை விட்டு எழுந்தால் தேர்வு ரத்து. திரைக்கு மேலே கேமரா முறைத்துக்கொண்டே இருக்கும்.

"நாற்காலியில பசை தடவியிருக்குன்னு நினைச்சுக்கோங்கக்கா," என்றான் பயிற்சியாளன். முளைப்பதா வேண்டாமா என்று அவன் மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.

பாடம், மயக்கமும் முதலுதவியும். கேட்க ஆள் வேண்டுமே என்று, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நின்ற பெண்களை ஓட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். படம் பளிச்சென்று தெரிய ஜன்னல்கள் அடைப்பு. ப்ரொஜெக்டரோடு ஃபேனையும் போட்டால் ஃப்யூஸ் போய்விடும், ஆகவே ஃபேனும் கிடையாது.

"மயக்கம் ஏன் வருது? பசி, புழுக்கம்..." என்று அக்கா இரண்டாவது ஸ்லைடை ஆரம்பித்ததும், முன்வரிசையில் ஒருத்தி அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள்.

அக்கா பாதி எழுந்துவிட்டார். குடோன் கண்முன் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் பதறாதீங்க. என்ன செய்யணும்னு ஏழாவது ஸ்லைடுல வரும்."

"தண்ணி குடுக்கட்டுமா?" என்று அலறினாள் விழுந்தவளின் நாத்தனார்.

"அது ஆறாவது. செய்யக்கூடாதவை."

"அதுக்குள்ள இவ போய்ச் சேந்துட்டான்னா எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"குறுக்க பேசினா இன்னும் லேட்டாகும், கண்ணு."

ஒவ்வொரு ஸ்லைடும் தனக்குரிய நேரம் முடியாமல் நகராது. மூன்றாவதில் அறிகுறிகள். "தோ பாருங்க, உதடு எப்படி வெளுத்திருக்கு." எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அக்காவின் வகுப்பில் யாரும் கொட்டாவி விடாதது அன்றுதான். நான்காவதில் சுகாதாரத் துறை இயக்குநரின் சிரித்த முகமும் வாழ்த்துரையும். அக்கா ஒரு வரி விடாமல் வாசித்தார்.

ஒருவழியாக ஏழாவது வந்தது. "காலைத் தூக்கிப் பிடிங்க!" நாத்தனார் தூக்கினாள். படத்தில் காட்டியபடியே, விழுந்தவள் கண் திறந்தாள்.

திரையில் 'தேர்ச்சி' என்று விழுந்தது.

"பிரமாதம்க்கா! நேரடி உதாரணத்தோட எடுத்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்குத் தனி மார்க்," என்று பயிற்சியாளன் கைதட்டினான்.

அக்கா அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான்.

அடுத்ததாகத் தேர்வுக்குக் காத்திருந்த கல்வியாளர் அவசரமாக வந்து, சுவரில் சாய்ந்திருந்தவளிடம் குனிந்தார்.

"தங்கச்சி, இன்னும் ரத்தம் குடுக்கலையே? அப்ப எதுவும் சாப்பிட்டுடாத. இங்கயே இரு, அடுத்தது நான்தான்."