பட்டையைச் சுற்றிய கை

காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, நான் சொன்னேன்னு அவர்கிட்ட காட்டிக்காதீங்க. வலது கையில பிடியே இல்ல அவருக்கு. சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். கனம் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எப்ப சொன்னார்?"

"போன மாசம்."

போன மாதத்துக்குப் பிறகு எத்தனையோ படகுகளில் பேட்டரி மாற்றிவிட்டோம். எங்கள் தொழிலே அதுதான். அவன் மேலே நின்று இறக்குவான், நான் கீழே படுத்து வாங்குவேன். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம் இருக்கும். அதைப் பிடியில்லாத கையில் வைத்துக்கொண்டு, கீழே அக்கா படுத்திருக்கிறாளே என்ற நினைப்புகூட இல்லாமல் இத்தனை நாள் இறக்கியிருக்கிறான். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தூரம் நடந்திருக்கிறேன்.

படகுத்துறையில் அவன் எனக்கு முன்னாலேயே வந்து, புது பேட்டரிகளின் கைப்பிடியில் தூக்கி இறக்கும் துணிப்பட்டைகளைக் கோத்துக்கொண்டிருந்தான். கோப்பது இடது கை. வலது கை சும்மா கூட இருந்தது. அவனே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். நானாகக் கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவான். ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் போதும், இன்றைக்கே வேறு ஏற்பாடு செய்துவிடலாம். வராவிட்டால் என் உயிர் அந்தக் கையில்தான்.

"கை எப்படி இருக்கு?" என்று மட்டும் போகிற போக்கில் கேட்டேன்.

"கைக்கென்ன, தோள்ல இருந்து நல்லாத்தான் தொங்குது."

பெரிய நகைச்சுவை. படகுக்குள் இறங்கினேன்.

படகு அறையின் தரையில் ஒரு சதுர ஓட்டை. அதன் அடியில் ஒருபக்கம் எஞ்சின், மறுபக்கம் படகின் விலாக்கட்டைகள், நடுவில் நான். உட்கார முடியாது, திரும்பிப் படுக்க முடியாது. ஓட்டைக்கு நேர் கீழே மல்லாந்து கிடந்து, இறங்கி வரும் பேட்டரியை வயிற்றிலும் தொடையிலும் தாங்கி, கால்பக்கம் பேட்டரிகள் உட்காரும் தட்டுக்குச் சாயாமல் தள்ளிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னைக் குள்ளக்கத்திரிக்காய் என்று கூப்பிட்டவர்கள் யாராலும் இதைச் செய்ய முடியாது.

மைனஸ் கம்பியை முதலில் கழற்றினேன். பழைய பேட்டரிகள் நான்கும் பிரச்சினையில்லாமல் மேலே போயின. கோபத்தில் நானே முழங்காலால் முட்டிப் பாதிக் கனத்தை ஏற்றிவிட்டேன்.

"பட்டறையில கப்பி சும்மாதானே கெடக்கு. கொண்டு வந்து மாட்டிக்கலாமா?" என்றேன். கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தேன்.

"நாலு பேட்டரிக்குக் கப்பியா? பாக்கறவன் சிரிப்பான். படு நீ."

அந்த நேரத்தில் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவனுக்கு இருக்கிற பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் உண்டு, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. படுத்தேன்.

முதல் பேட்டரி ஒழுங்காக இறங்கியது. இரண்டாவது ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்தது. பேட்டரி இறங்கும்போது கீழே இருப்பவளுக்கு அதன் அடிப்பாகம் மட்டும்தான் தெரியும், மேலே இருப்பவன் என்ன செய்கிறான் என்று தெரியாது. அவன் மூச்சு இரைப்பது கேட்டது. பிறகு எதையோ இழுத்துத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம். பேட்டரி ஒரு பக்கம் சாய்ந்து சரேலென்று வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே அது ஆடிக்கொண்டிருந்தது. இப்போது இடைவெளியில் அவன் தெரிந்தான். கன்னம் தரையில் அழுந்தியிருக்க, வலது கை தோள்வரை ஓட்டைக்குள் வந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பட்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தான். பட்டை பதிந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், பட்டையைக் கையில் சுற்றாதே என்று. சும்மா பிடித்திருந்தால் நழுவும்போது சாமான் மட்டும் போகும். சுற்றியிருந்தால் கையும் அதோடு போய்விடும். அதை எனக்குச் சொன்னவனே இவன்தான்.

"அக்கா, நகந்துக்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கே நகர்வது? முழங்காலை உயர்த்திப் பேட்டரியை ஏந்தினேன், வயிற்றுக்கு வாங்கினேன், தட்டுக்குத் தள்ளினேன். பட்டை தளர்ந்தது.

"அவுத்துடு."

"முடியல. விரல் மடங்க மாட்டேங்குது."

நானே கையை நீட்டிச் சுற்று சுற்றாக அவிழ்த்தேன். பிறகு அவன் விரல்களுக்குள் என் விரல்களை வைத்து, "பிடி பாப்போம்," என்றேன். முகம் கோணும்படி முயன்றான். தூங்குகிற குழந்தையின் கையில்கூட அதைவிட அழுத்தம் இருக்கும்.

"எத்தன நாளா சுத்தறே?"

"ஒரு மாசமா."

"அறிவிருக்கா உனக்கு? கையே பிஞ்சு வந்திருக்கும்."

"வரட்டும். உன் மேல விழாதில்ல."

காலையிலிருந்து கட்டிக்காத்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை மடக்கலாம் என்றால் அதற்கும் அங்கே இடமில்லை. நினைப்புகூட இல்லாமல் இறக்கினான் என்று இவனையா நினைத்தேன்?

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேன்ல?"

"அதனாலதான் சொல்லல," என்றான். வெளுத்த கையைத் தேய்த்துக்கொண்டே, "எவனோ ஒருத்தன் கைய நம்பி நீ கீழ படுத்திருக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல," என்றான்.

அவனே எழுந்து போய்க் கப்பியைக் கொண்டுவந்து, அறையின் கூரை உத்திரத்தில் மாட்டினான். மீதி இரண்டையும் இடது கையால் கயிற்றை இழுத்து, அங்குலம் அங்குலமாக இறக்கினான். ஒவ்வொரு அங்குலத்துக்கும் "சரியா?" என்றான், நானும் "சரி" என்றேன். பாதி நாள் அதிலேயே போயிற்று. பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கடைசி மைனஸ் கம்பியை நான் முறுக்கிக்கொண்டிருந்தபோது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. படகுக்காரர்.

"பக்கத்துப் படகும் என்னோடதுதான்பா. அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் வந்து மாத்திக் குடுத்துடறீங்களா?"

ஸ்பேனரை அப்படியே நிறுத்தினேன். வழக்கம்போல 'வந்துடறோம்' என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா வருவாங்க சார்," என்றான் தம்பி. "நான் வர முடியாது. எனக்குக் கையில பிடி போயிடுச்சு. அவங்களுக்கு நல்ல ஆளா ஒருத்தர நானே பாத்துத் தர்றேன்."

இதை அவன் வாயால் கேட்கவேண்டும் என்றுதான் காலையிலிருந்து காத்திருந்தேன். கேட்டுவிட்டேன். வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் அவன் மேலே நிற்க நான் கீழே படுக்கும் கடைசிப் படகு இதுதான்; அந்தப் பொந்தைவிட்டு வெளியே வர எனக்கு மனம் வரவில்லை.