நாலு நாலு

1

இந்தக் கதை என் வீட்டு எடை மெஷினில் தொடங்கியது. பக்கத்து வீட்டு அமலி அக்கா இரண்டு டம்பெல்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தார். ஒன்று நான்கு கிலோ. மற்றது இரண்டே முக்கால்.

"தம்பி, அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

சொல்லவில்லை. எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கோயமுத்தூரில் இரும்பை அறியாத கை இல்லை.' (பொய். என் கை அறியாது.)

இரண்டாவது: 'பாவம், ஞானமுத்து' (இங்கேயே நிறுத்தினேன். அவர் பாவம் இல்லை.)

மூன்றாவது: அமலியின் கணவர் ஞானமுத்து, கணபதிப் பகுதியில் ஒரு இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் முப்பது வருடம் வேலை செய்தவர். வார்ப்பைக் கையில் தூக்கியே எடை சொல்வார். சென்ற ஆண்டு பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்தது. இடக்கையில் பிடி மட்டும் கொஞ்சம் மீண்டிருக்கிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒரு நாளைக்கு ஆறு முறை அவரை மாற்றுவது அமலி. அம்மாவால் முடியாவிட்டால் அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்று மகள் கரோலின் சொல்லியிருக்கிறாள்.

இது போதும்.

3

அமலியின் கைகள் வலுப்பெற, பிசியோதெரபிஸ்ட் இனியா ஒரு விதி சொன்னாள். பத்து முறை தூக்க முடிய வேண்டும். கடைசி இரண்டும் சிரமமாக இருக்க வேண்டும். தோள் கோணக் கூடாது. (வாக்கியத்துக்கும் இது பொருந்தும் என்று எழுதி, அடித்தேன்.)

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடை பொறிக்காத டம்பெல்கள் கிடந்தன. கடைக்காரர் அப்துல் வஹீது தராசை முன்னால் நகர்த்தி வைத்தார். ஞானமுத்து வேண்டாம் என்றார். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கைக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்தார். நிறையத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில், "நாலு நாலுங்க. ரெண்டும் ஒண்ணு" என்றார்.

வலக்கை சரியாகத்தான் சொன்னது. தளர்ந்த இடக்கைக்கு இரண்டே முக்காலே நாலாகக் கனத்திருக்கிறது.

அமலி லேசானதை இடக்கையில் பிடித்துப் பழகினார். இடக்கை நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்தாராம். அவர் தூக்கத் தூக்க, ஞானமுத்து கட்டிலில் ஜெபமாலை மணியை நகர்த்தி எண்ணினார்.

மூன்றாவது வாரம், நாற்காலிக்கு மாற்றும்போது அமலியின் இடக்கை விட்டுவிட்டது. ஞானமுத்து சரிந்து தரையில் முட்டி ஊன்றி விழுந்தார். அன்றைக்குத்தான் அமலி எடை பார்க்க என் வீட்டுக்கு வந்தார்.

4

இப்போது நாலு கிலோவை மட்டும் இரண்டு கைக்கும் மாற்றி மாற்றித் தூக்குகிறார்.

"அதுக்கு எதுக்கு அம்மணி ரெண்டு வாங்குனோம்?"

"ஒண்ணு ஓய்வெடுக்கட்டுமுங்க. நீங்க எண்ணுங்க."

வலக்கைக்குப் பத்து மணி நகர்ந்தது. இடக்கை ஆறில் நின்றது. ஞானமுத்து ஏழாவது மணியைப் பிடித்தபடி இருந்தார்.

5

முடிவு ஒன்று: அவரே தராசு கேட்கிறார். (அவர் கேட்க மாட்டார்.)

முடிவு இரண்டு: இனியா கண்டுபிடித்து, அவர் எதிரிலேயே

வேண்டாம்.

இன்னொரு சிக்கல். நான் எழுதுவதை எல்லாம் வாசிக்கும் ஒரே பக்கத்து வீட்டுக்காரர் அவர். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பயனில்லை.

ஞானமுத்து அண்ணா, இந்தப் பெயரில் கூப்பிடுவதற்கு மன்னியுங்கள். அக்கா உங்களிடம் மறைத்தது ஒன்றேகால் கிலோ. நீங்கள் கீழே விழுந்ததைக் கரோலினிடம் நீங்கள் இருவருமே சொல்லவில்லை.

லேசானது உங்கள் கட்டிலுக்கு அடியில், இடப்பக்கம் இருக்கிறது. அது உங்கள் இடக்கைக்குச் சரியான எடையா என்று எனக்குத் தெரியாது. எட்டி எடுத்துத் தூக்கிப் பாருங்கள். எத்தனை மணி நகர்ந்தது என்று அக்காவிடம் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம்.