முள் இறங்கிய மலைப்பாதை

1

கதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். இதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும் அலுவலக அறிக்கைகளும்தாம். சென்ற வாரம் சாப்பிடும்போது அப்பா, "அந்த மெக்கானிக் மட்டும் ஒழுங்கா வேலை பாத்திருந்தா அந்தக் கார் இன்னிக்கும் ஓடும்" என்றார். இருபத்தாறு ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் வாக்கியம். இம்முறை நான் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரைவு: "மலைச்சாலையில் அந்த டீசல் கார் முதிய யானையைப் போல..."

(நிறுத்திவிட்டேன். அது பழைய டீசல் காரைப் போலத்தான் இருந்தது.)

இரண்டாம் வரைவு: காலையில் அப்பா சாவியைப் பாதி திருப்பிக் காத்திருப்பார். என்ஜின் கிளம்பும் அளவுக்குச் சூடாகி மஞ்சள் விளக்கு அணையும்வரை நாங்கள் எவரும் பேச மாட்டோம். பிறகு வண்டி இருமும், தெருவே விழித்துக்கொள்ளும். வெயிலில் சுட்ட ரெக்சின் இருக்கையின் வாசனை இன்றும்...

(இன்றும் என்ன? தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

3

வாசகர் அனுமதித்தால் சிறு விளக்கம். தண்ணீர் சூடேறினால் ரேடியேட்டர் விசிறி தானாகவே சுழல வேண்டும். எங்கள் காரில் அதைச் சுழலச் சொல்லும் சென்சார் பழுதாகிவிட்டது. அந்தப் பழைய மாடலுக்கு மாற்று கிடைக்கவில்லை. ஆகவே மெக்கானிக், விசிறிக்கு நேராக ஒயர் இழுத்து, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னே ஒரு சுவிட்சும் சூடு காட்டும் மீட்டரும் பொருத்தினார். முள் நடுக்கோட்டைத் தொட்டதும் அங்கே அமர்ந்திருப்பவர் சுவிட்சைப் போட வேண்டும். வீட்டில் அதற்கு "முள் உத்தியோகம்" என்று பெயர். ஒருமுறை தூங்கிவிட்ட அம்மா பதவியிறக்கப்பட்டார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது எனக்கு வந்தது.

(மெக்கானிக்கை மாமா என்றே அழைப்பேன். ஞாயிறுதோறும் அவரும் அப்பாவும் பானட்டைத் திறந்து, அதற்குள் தலையை விட்டபடி மணிக்கணக்கில் பேசுவார்கள். "ரெண்டு பேரும் உள்ளேயே குடித்தனம் போயிடுங்க" என்பார் அம்மா.)

4

மலையேற்றம். இரண்டாம் கியர். பின்னிருக்கையிலிருந்த அம்மாவுக்கு நான் தொடர்கதை வாசித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகியின் கடிதம் பிரிக்கப்படும் இடம். நிமிர்ந்து பார்த்தபோது முள் சிவப்புக்குள் கிடந்தது. சத்தமில்லாமல் சுவிட்சைப் போட்டேன். சற்று நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது, கடைசிக் கோடுவரை.

"சூடு எப்படி?"

"இறங்கிடுச்சுப்பா."

(தண்ணீர் முழுவதும் கொதித்து வெளியேறிவிட்டால், அளப்பதற்கு ஒன்றும் இராது. அப்போதும் முள் இறங்கும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.)

மூன்றாம் வளைவில் என்ஜின் இறுகி நின்றது. சுவிட்ச் போட்டிருந்தேனா என்று அப்பா கேட்டார். "போட்டுத்தான்பா இருக்கு" என்றேன். குனிந்து பார்த்தார். போட்டுத்தான் இருந்தது.

5

மறுநாள் மாமா சுவிட்சைப் போட்டு விசிறியை இயக்கிக் காட்டினார். சுழன்றது.

"ஒயரிங்ல ஒண்ணும் இல்லண்ணே. முள்ளு பாத்தது யாரு?"

"என் பிள்ளை பொய் சொல்லுதுங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

ஒரு வரைவில் இவ்விடத்தில் மாமாவே பழியை ஏற்றுக்கொள்வதாக எழுதினேன். அழகாக வந்தது, ஆகவே அடித்துவிட்டேன். உண்மையில் அவர் கையைத் துடைத்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு, தேவைக்கு மேல் சிறிது நேரம் நின்றார். நான்

(இவ்வாக்கியத்தைப் பதினொரு முறை தொடங்கிவிட்டேன்.)

அவர் போய்விட்டார். அவர் இழுத்த ஒயர்தான் காரைக் கெடுத்தது என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார்.

6

மாமா இன்றும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை நடத்துகிறார். அப்பாவுக்கு எண்பத்தொன்று. இதுவரை எழுதிய தாள்களை அவருடைய மேசையில் வைத்துவிட்டேன். அடுத்த அறையில் அவர் பக்கம் புரட்டும் ஓசை கேட்கிறது. நான்காம் பகுதியில் இருக்கிறார் என எண்ணுகிறேன், ஓசை நின்றுவிட்டது. அவர் என்னை அழைப்பாரா, பட்டறைக்குப் போகச் செருப்பைத் தேடுவாரா என்பதை எழுதும் துணிவு எனக்கில்லை. அதனைத் தாங்கள் எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இழந்தவற்றை மட்டும் நான் எழுதிவிடுகிறேன். ஒரு டீசல் கார். அப்பாவுக்கு இருந்த ஒரே நண்பர். மாமாவுக்கு எங்கள் தெருவிலிருந்த மற்ற மூன்று கார்களின் வேலை.